இருக்கிற போனே போதும்!
வாடிக்கையாளர் காத்திருப்பது ஏன்? அதில் வணிகர்களுக்கு உள்ள பாடம் என்ன?



சங்க அலுவலகத்தில் ஒரு மாலை சந்தாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். மளிகைக் கடையை ஒட்டிய சிறு பகுதியில் கைப்பேசி வியாபாரமும் செய்துவரும் உறுப்பினர் ஒருவர் வந்து அமர்ந்தார். வழக்கமாக அவர் பேச்சு துவரம் பருப்பில் தொடங்கி நல்லெண்ணெயில் முடியும். அன்று வேறொன்றைச் சொன்னார்.

"அண்ணாச்சி, முன்னெல்லாம் ஒரு ஆளுக்குப் போன் வித்தா ரெண்டு வருஷத்துல அதே ஆள் திரும்ப வந்து நிப்பாரு. இப்ப நாலு வருஷம் ஆகியும் வர்றாரு. ஆனா கண்ணாடி ஒட்ட வர்றாரு, பேட்டரி மாத்த வர்றாரு. புதுசு எடுத்துக்குங்கன்னா, இருக்கிறதே நல்லாத்தானே ஓடுதுங்கிறாரு" என்றார்.

இது அவர் ஒருவருடைய அனுபவம் மட்டுமன்று. உலகம் முழுவதும் கைப்பேசி வியாபாரத்தில் இன்று கேட்கும் குரல் இதுதான். மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்களுக்காக நாம் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, நம்மில் பலர் கடையின் ஒரு மூலையில் ரீசார்ஜ், சார்ஜர், ஹெட்போன் என்று ஏதேனும் ஒன்றை வைத்திருக்கிறோம். இரண்டாவது, போன் வாங்கும் பணமும் பருப்பு வாங்கும் பணமும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் வருகின்றன. மூன்றாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நமது போன் இன்று தராசைப்போல் ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது. அதை எப்போது மாற்றுவது என்பது நமக்கும் உள்ள கேள்வி.

எண்ணிக்கை சொல்லும் கதை

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.டி.சி. என்னும் சந்தை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2016-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 147 கோடி ஸ்மார்ட்போன்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் அது சுமார் 117 கோடியாகக் குறைந்தது. 2024-இல் சற்றே எழுந்து 124 கோடி அளவுக்கு வந்தது. இந்த இடைக்காலத்தில் போன் வைத்திருப்போர் தொகை குறையவில்லை, கூடியிருக்கிறது. அப்படியிருந்தும் விற்பனை குறைந்தது என்றால், ஏற்கெனவே வாங்கியவர்கள் அடுத்ததை வாங்குவதைத் தள்ளிப் போடுகிறார்கள் என்பதுதான் பொருள்.

நம் நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறது. அதே நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் சுமார் 16 கோடியே 10 லட்சம். 2022-இல் 14 கோடியே 40 லட்சம். 2023-இல் 14 கோடியே 60 லட்சம். 2024-இல் 15 கோடியே 10 லட்சம். மூன்று ஆண்டுகள் கழித்தும் பழைய உயரத்தை எட்ட முடியவில்லை.

இங்கே வணிகர்களாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையே தவிர, கடைக்காரர் வாடிக்கையாளர் கையில் கொடுத்த எண்ணிக்கை அல்ல. கம்பெனி அனுப்பிய நாளிலேயே அதற்கு விற்பனை முடிந்துவிடுகிறது. கடைக்காரருக்கோ அன்றுதான் கவலை தொடங்குகிறது. கிடங்கில் இறக்கிய மூட்டைக்கும் தராசில் ஏறிய மூட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விவரமும் உண்டு. 2022-இல் இந்தியாவில் ஒரு ஸ்மார்ட்போனின் சராசரி விலை சுமார் 224 டாலர். 2024-இல் அது சுமார் 259 டாலர். எண்ணிக்கை நூற்றுக்கு 5 அளவுக்கே கூடியிருக்க, விலை நூற்றுக்கு 15-க்கு மேல் கூடியிருக்கிறது. எண்ணிக்கை கூடியதைவிட விலைதான் வேகமாகக் கூடியிருக்கிறது. ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் வியாபாரம் வளர்வதுபோல் தோன்றும். படியேறும் கால்களை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதற் காரணம்: விலை

காத்திருப்பதற்கான காரணங்களில் எல்லோரும் முதலில் சொல்வது விலை. 2020 ஏப்ரல் 1 முதல் கைப்பேசிகள் மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள ஒரு போன், அன்றுவரை 11,200 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன்பின் 11,800 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது பெரிய டி.வி., ஏ.சி. ஆகியவற்றின் வரி 28-லிருந்து 18-க்கு இறங்கியது. ஆனால் கைப்பேசி 18-லேயே நின்றுவிட்டது.

வரி மட்டும் காரணமல்ல. கொரோனாவுக்குப் பிந்தைய சிப் தட்டுப்பாடும் டாலர் மதிப்பு ஏற்றமும் சேர்ந்துகொண்டன. போன் நம் நாட்டில் பூட்டப்பட்டாலும் உள்ளே இருக்கும் முக்கிய உறுப்புகள் பல வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 2021 இறுதியில் 75 ரூபாய்க்கு உட்பட்டு இருந்த ஒரு டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக் கணினி மையங்களுக்காக மெமரி சிப்புகள் பெருமளவில் வாங்கப்பட்டதால், 2025 பிற்பகுதியில் அவற்றின் விலையும் ஏறியது. இதில் அதிகம் அடிபடுவது விலை குறைந்த போன்தான். மொத்தச் செலவில் ஒவ்வொரு நூறு ரூபாயும் அங்கே பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் காரணம்: பழையதே வேலை செய்கிறது

விலை ஏறினாலும் தேவை இருந்தால் மக்கள் வாங்கத்தான் செய்வார்கள். எண்ணெய் விலை ஏறியபோது தாளிப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை. போன் விஷயத்தில் அந்தக் கட்டாயத் தேவை இப்போது குறைந்திருக்கிறது.

நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-இல் பேசப்பட்டது. அன்று முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஒவ்வொரு மாற்றமும் பழைய போனைப் பயனற்றதாக ஆக்கியது. பேசுவதற்கு மட்டும் இருந்த போனில் படம் வந்தது, பாட்டு வந்தது, பிறகு விசைகளே போய்த் தொடுதிரை வந்தது. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தபோது அது 4ஜி போனில் மட்டுமே வேலை செய்தது. மலிவான டேட்டா வேண்டும் என்றவர்கள் போனை மாற்றியே தீர வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் போன் கடைகள் திருவிழாக் கூட்டம் கண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2022 அக்டோபர் 1-இல் 5ஜி வந்தது. வேகம் கூடியது உண்மை. ஆனால் 4ஜி போனில் வாட்ஸ்அப் வருகிறது, பணம் போகிறது, படம் ஓடுகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கைத்தராசிலிருந்து மின்னணுத் தராசுக்கு மாறியபோது நம் கடையில் எவ்வளவு மாற்றம் வந்தது! அந்த மின்னணுத் தராசையே அடுத்த ஆண்டு வந்த புதிய மாடலுக்காக யாராவது மாற்றினோமா? வாடிக்கையாளரும் அப்படித்தான் நினைக்கிறார். கேமராவில் எண் கூடுவதும், கண்ணாடியின் ஓரம் வளைவதும் அவர் வேலையை மாற்றவில்லை.

மூன்றாம் காரணம்: சரக்கு நெடுநாள் உழைக்கிறது

முன்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் போனில் மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிடும். போன் உடையாமல் இருந்தாலும் பழையதாகிவிடும். 2023 அக்டோபரில் கூகுள் தனது பிக்சல் 8 போனுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தனது கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் அதே உறுதியைக் கொடுத்தது. இவை விலை உயர்ந்த போன்கள்தாம். ஆனாலும் மேல்தட்டில் தொடங்கிய பழக்கம் மெல்லக் கீழே இறங்கி வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் நூற்றுக்கு 80 பங்கு திறனோடு இருக்க வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். குறைந்தது 5 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும். ஒரு சந்தைக்காக உறுதியாகச் செய்யப்படும் போன், பிற சந்தைகளிலும் உறுதியாக இருக்க வாய்ப்புண்டு.

நான்காம் காரணம்: பழுதுபார்ப்பது லாபம்

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. பேட்டரி தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும், 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. மக்கள் பேட்டரியை மாற்றினார்கள். போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. 2019 ஜனவரி 2-ஆம் தேதி அந்நிறுவனத் தலைவர் டிம் குக், எதிர்பார்த்த வருமானம் வராது என்று முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். சீனச் சந்தையின் மந்தமே பெரிய காரணம் என்றவர், குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். ஒரு பேட்டரியின் விலை குறைந்தது, உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் விற்பனைக் கணக்கையே தொட்டது!

நம் ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். 15,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி இரண்டு ஆண்டில் மாற்றினால் மாதம் 625 ரூபாய் ஆகிறது. அதையே நான்கு ஆண்டுகள் வைத்துக்கொண்டு, நடுவில் பேட்டரி மாற்ற 1,500 ரூபாய் செலவானதாகக் கொண்டாலும் மாதம் சுமார் 344 ரூபாய்தான். மாதம் 281 ரூபாய் மிச்சம். மளிகைப் பட்டியலை விரலில் எண்ணிச் சொல்லும் நம் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிற்றூர்ப் பேருந்து நிலையம் வரை பழுதுபார்க்கும் மேசைகள் இன்று நிறைந்திருக்கின்றன. மத்திய அரசின் நுகர்வோர் துறையும் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பர் 24-இல் தனி இணையதளம் தொடங்கியது. பழுதுபார்ப்பதை இனி யாரும் ஏழையின் வழி என்று குறைத்துப் பேச முடியாது.

ஐந்தாம் காரணம்: தவணை

இது சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியது. விலை உயர்ந்த போனைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டச் செய்தது மாதத் தவணை. ஆனால் அதே தவணைதான் அடுத்த போனைத் தள்ளியும் போடுகிறது. தவணை முடியும்வரை அடுத்ததைப் பற்றி நினைக்க முடியாது. முடிந்த பிறகோ, "அப்பாடா, இந்த மாதம் கையில் காசு நிற்கிறது" என்ற நிம்மதியை இழக்க மனம் வருவதில்லை.

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படுகிறதே என்று கேட்கலாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. விலையிலோ, கட்டணத்திலோ, விட்டுக்கொடுத்த தள்ளுபடியிலோ வட்டி ஒளிந்திருக்கும். 2023 நவம்பர் 16-இல் ரிசர்வ் வங்கி, பிணையில்லாத நுகர்வோர் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒதுக்கவேண்டிய மூலதனத்தை உயர்த்தியது. சிறு கடன்கள் முன்னைப்போல் எளிதாகக் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்துடன் வீட்டுக்குள் நடக்கும் ஒரு சுழற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகன் புதிது வாங்கினால் அவனுடைய பழையது அம்மாவுக்குப் போகும். அம்மாவுடையது தாத்தாவுக்கு. ஒரு போன் வாங்கினால் மூன்று பேருக்குப் போன் மாறுகிறது. கடைக்காரருக்கு விற்பனை ஒன்றுதான்.

விற்பவர் நிலை

இனி கடைக்காரர் பக்கம் வருவோம். 2014 ஜூலையில் ஷாவ்மி நிறுவனம் தனது மி 3 போனை பிளிப்கார்ட் மூலமாக மட்டும் விற்றது. இத்தகைய இணையவழித் தனி விற்பனை, தெருக்கடைகளின் பங்கை முன்பே குறைத்திருந்தது. மீதமிருந்த வாடிக்கையாளரும் காத்திருக்கத் தொடங்கியதும் சுமை இரட்டிப்பானது.

நம் கடைத் தெருவில் நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். எதிரெதிரே இரண்டு போன் கடைகள் இருந்தன. ஒருவர் தீபாவளிக்கு முன், கம்பெனிச் சலுகையை நம்பிக் கையிருப்பு முழுவதையும் சரக்கில் போட்டார். பண்டிகை முடிந்தது. பாதிச் சரக்கு அலமாரியில் நின்றது. பொங்கலுக்குள் புது மாடல் வந்து பழையதன் விலை இறங்கியது. பருப்பு நின்றால் பத்து நாள் கழித்து விலை ஏறவும் கூடும். போன் நின்றால் விலை இறங்க மட்டுமே செய்யும். அடுத்த ஆடியில் அவர் கடையைக் காலி செய்தார். சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு நம் அலுவலகத்துக்கு வந்து, சந்தா பாக்கியைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போனார். அவர் முகம் இன்னும் நம் கண்ணில் நிற்கிறது.

எதிர்க்கடைக்காரர் செய்தது வேறு. கண்ணாடி அலமாரியில் பாதியை எடுத்துவிட்டு, பழுதுபார்க்கும் மேசை ஒன்றைப் போட்டார். அவருடைய தம்பி மகன் அதில் உட்கார்ந்தான். புதுப்போன் ஆறு ஏழு மட்டுமே கையிருப்பில் வைத்து, மற்றதை முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் வரவழைத்துத் தருகிறார். கடை இன்றும் நடக்கிறது. வாடிக்கையாளர் எங்கே நிற்கிறாரோ அங்கே கடையை நகர்த்தினார், அவ்வளவுதான்.

மளிகைக் கடைக்காரர் செய்ய வேண்டியவை

நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகளைத் தொகுத்துச் சொல்கிறோம்.

1. பக்கத் தொழிலாகப் புதுப்போன் விற்க நினைப்பவர்கள் அதிகச் சரக்கு எடுக்க வேண்டாம். இத்தனை எடுத்தால் இவ்வளவு கமிஷன் என்ற சலுகை, விற்றுத் தீரும் சரக்குக்குத்தான் லாபம்.

2. பழைய போனை நெடுநாள் வைத்திருப்பவர்களுக்குச் சார்ஜர், கேபிள், ஹெட்போன் தேவைப்படுகின்றன. 2020 அக்டோபரில் ஆப்பிள் தொடங்கி வைத்தபின், பெட்டிக்குள் சார்ஜர் தருவதைப் பல கம்பெனிகள் நிறுத்திவிட்டன. இது சிறு கடைகளுக்கு ஒரு வாய்ப்பு. பல போன்களுக்குப் பொருந்தும் டைப்-சி கேபிள் போன்றவற்றை வைக்கலாம். மாடலுக்கு மாடல் மாறும் உறை, டெம்பர்டு கிளாஸ் ஆகியவற்றில் பணத்தை முடக்க வேண்டாம். அவை சீக்கிரமே குப்பையாகும்.

3. சார்ஜர், பவர் பேங்க், பேட்டரி ஆகியவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் உண்மையானதா என்பதை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பில் இல்லாத மலிவுச் சார்ஜரில் கிடைக்கும் இருபது ரூபாய்க்காக, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைமாட்டில் தீப்பிடிக்கும் பொருளை நாம் விற்கலாகாது.

4. போன் வாங்காமல் மிச்சப்பட்ட பணம் முழுவதும் மளிகைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தின. வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கு ரீசார்ஜ். அந்த ரீசார்ஜையும் பெரும்பாலோர் தாங்களே போனில் செய்துகொள்வதால், நமக்கு வந்துகொண்டிருந்த சிறு கமிஷனும் போய்விட்டது.

5. காத்திருக்கும் பழக்கம் போனோடு நிற்காது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று எல்லாவற்றிலும் "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்ற எண்ணம் வரும். நெடுநாள் பயன்படுத்த நினைப்பவர், ஒருமுறை வாங்கும்போது தரம் பார்ப்பார், நாலு பேரைக் கேட்பார். அவரிடம் "இது நிற்கும், இது நிற்காது" என்று உண்மையைச் சொல்பவரே வியாபாரி. அப்படிச் சொல்கிறவரின் கடையில்தான் மளிகையும் வாங்குவார்.

நமது போன் எப்படி இருக்கிறது?

ஊருக்கு உபதேசம் சொன்னோம். இனி நம்மைப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாட்டில் நடந்த யு.பி.ஐ. பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. இதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற கடைகளின் கல்லாவில் நடப்பது. பணம் வந்ததா என்று பார்ப்பதும், மொத்த வியாபாரிக்கு அனுப்புவதும், பற்று வரவு எழுதுவதும் அந்த ஒரு போனில்தான்.

ஒன்றை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறோம். நம் சங்க அலுவலகப் போனை ஆறு ஆண்டுகள் மாற்றவில்லை. இருக்கிறதே போதும் என்று நாமும்தான் இருந்தோம். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டபோதும் ரப்பர் வளையம் போட்டுச் சமாளித்தோம். ஒரு நாள் காலை அது உயிர் பெறவே இல்லை. உறுப்பினர் முகவரிகளும், சந்தா வந்த விவரமும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. கட்டியவரிடமே மறுபடி கேட்டுப் பேச்சு வாங்கினோம். கட்டாதவர் கட்டிவிட்டேன் என்றபோது மறுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை. பழைய ரசீதுக் கட்டைகளைப் புரட்டிக் கணக்கைச் சீர் செய்ய இரண்டு மாதங்கள் ஆயின. சங்கத்துக்கே இப்படி என்றால், வாடிக்கையாளரின் கடன் பாக்கி முழுவதையும் போனில் மட்டும் எழுதிவைத்திருக்கும் கடைக்காரர் நிலை என்னவாகும்?

ஆகவே காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கீழ்க்கண்டவற்றை உறுப்பினர்கள் கவனத்தில் கொள்வது நலம்.

பேட்டரி உப்பினால் அன்றே பயன்பாட்டை நிறுத்தி மாற்றிவிடுங்கள். அதைக் குத்துவதோ அமுக்குவதோ கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலியும் யு.பி.ஐ.யும் வைத்திருக்க வேண்டாம். அந்தப் போன் பாட்டுக் கேட்கப் பயன்படட்டும், பணத்துக்கு வேறு போன் இருக்கட்டும். கடைப் போனைப் பிள்ளைகள் விளையாடக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். கடன் பாக்கிக் கணக்கை வாரம் ஒருமுறையாவது நோட்டில் எழுதிவிடுங்கள், அல்லது வேறிடத்தில் படி எடுத்து வையுங்கள்.

*#06# என்று அழுத்தினால் போனின் 15 இலக்க அடையாள எண் திரையில் வரும். அதைப் பேரேட்டின் முதற் பக்கத்தில் குறித்து வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். பழைய போன் விலைக்கு வாங்குமுன், கே, ஒய், எம் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடம் விட்டு அந்தப் போனின் 15 இலக்க எண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். திருட்டுப் போனை வாங்கிவிட்டு நிலையத்தில் நிற்கும் அவமானம் நமக்கு வேண்டாம்.

புதுப்போன் வாங்குவதென்றால், வழக்கமான ஜி.எஸ்.டி. முறையில் உள்ளவர்கள் கடையின் பெயரிலும் பதிவு எண்ணிலும் பில் போடச் சொல்லுங்கள். தொழிலுக்குப் பயன்படும் போனுக்குக் கட்டிய 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியிருக்கிறது. இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வரித் தொகைக்குத் தேய்மானமும் எழுதி, அதையே வரியிலும் கழிக்க முடியாது என்பதால், கணக்கரைக் கேட்டுச் செய்யுங்கள். வாங்கும் நாளிலேயே இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். அரிசி மூட்டையில் தயாரித்த தேதி பார்ப்பதைப்போல் இதுவும் ஒரு பழக்கமாகட்டும்.

முடிவாக

வாடிக்கையாளர் காத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்று நாம் எண்ணலாகாது. அவர் தம் வீட்டுக் கணக்கைச் சரியாகப் பார்க்கிறார். விலை ஏறியிருக்கிறது, பழையது உழைக்கிறது, பழுதுபார்க்க ஆள் இருக்கிறார், தவணை இப்போதுதான் முடிந்திருக்கிறது. இத்தனையும் தெரிந்த ஒருவரிடம் ஆசை வார்த்தை பேசிச் சரக்கைத் தள்ளுவது ஒருமுறைதான் நடக்கும். அவருடைய கணக்கை மதித்து நடந்தால் அவர் நம் கடைப் படியை விட்டுப் போகமாட்டார்.

முதலில் சொன்ன உறுப்பினரிடம் அன்று மாலை நாம் கேட்டோம்: "கண்ணாடி ஒட்ட வந்தவர் சும்மாவா போனார்?" சிரித்துக்கொண்டே சொன்னார்: "இல்லை அண்ணாச்சி. ஒட்டிக் காயிற நேரத்துல உளுந்து ரெண்டு கிலோ, புளி அரைக்கிலோ வாங்கிட்டுத்தான் போனாரு."

காத்திருக்கும் வாடிக்கையாளரும் நம் வாடிக்கையாளர்தான். அவருக்கு உட்கார ஒரு முக்காலி போடுவோம்.